யாழ்ப்பாணத்து வீதிக்கும் பஸ்ஸுக்கும் யார் காசு கொடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீதி, பஸ் என்று பேச்சு வந்தால் எங்கள் பக்கத்தில் அது இரண்டு இடத்தில் போய் நிற்கும். ஒன்று, அரசாங்கம் எங்களுக்கு ஒன்றும் செய்வதில்லை. மற்றது, தனியார் பஸ்காரரின் அடாவடி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் காசு எங்கிருந்து வருகிறது, யார் கையில் போகிறது, யார் கட்ட வேண்டியதைக் கட்டாமல் போகிறார்கள் என்று பார்க்காமல் இவற்றைப் பேசிப் பயனில்லை. இதைப் பற்றிக் கதைக்கிற இடமெல்லாம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எடுத்திருக்கிறேன். பதில்களில் என் கருத்தும் இருக்கும், அதை மறைக்கவில்லை.

வீதிக்கு இப்போது யார்தான் காசு கொடுக்கிறார்கள்?

எல்லோரும்தான், ஆனால் எந்த வீதி என்பதைப் பொறுத்து காசு வருகிற வழி மாறும். ஏ, பி தர வீதிகள், அதாவது ஏ9, பருத்தித்துறை வீதி, காங்கேசன்துறை வீதி போன்றவை, மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். நாடு முழுவதும் இப்படி ஏறத்தாழ 12,000 கிலோமீற்றர் இருக்கிறது. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையவை. மிச்சமுள்ள உள்ளூர் வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளின் தலையில்.

மத்திய அரசின் வீதிகளுக்குக் காசு திறைசேரியிலிருந்து வரும், இல்லாவிட்டால் வெளிநாட்டுக் கடனாக வரும். கடையில் சவர்க்காரம் வாங்கும்போது நீங்கள் கட்டுகிற 18 வீத வற் வரியும் அதே திறைசேரிக்குத்தான் போகிறது. வருடா வருடம் வாகனத்துக்கு எடுக்கிற வருமான அனுமதிப்பத்திரத்தின் காசு மாகாணத்துக்குப் போகிறது, ஆனால் அது வீதிக்கென்று ஒதுக்கி வைக்கப்படுவதில்லை, மாகாணத்தின் பொதுக் கணக்கில் கலந்துவிடும். வீட்டுக்குக் கட்டுகிற சோலைவரி உள்ளூர்ச் சபைக்கு. ஆக, வீதியில் எவ்வளவு ஓடுகிறோம், அதை எவ்வளவு தேய்க்கிறோம் என்பதற்கும் நாங்கள் கட்டுகிற காசுக்கும் நேரான தொடர்பு எங்கேயும் இல்லை. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் ஒழுங்கையை ஏன் ஒருவரும் திருத்துவதில்லை?

ஏனென்றால் அது சபையின் சொத்து, சபையிடம் காசில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் 17 உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன: ஒரு மாநகர சபை, மூன்று நகர சபை, பதின்மூன்று பிரதேச சபை. மாநகர சபைக்குக் கடைகள், கட்டடங்கள், சந்தை வாடகை என்று ஏதோ வருமானம் இருக்கிறது. தீவுப்பகுதியில் அல்லது வடமராட்சி கிழக்கில் உள்ள ஒரு பிரதேச சபை யாரிடம் சோலைவரி கேட்கும்? பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, மீதிப் பேர் கடற்றொழிலும் கூலி வேலையும். ஆனால் வீதியின் நீளம் அங்கேதான் அதிகம், ஆட்களோ சிதறி இருக்கிறார்கள். குறைந்த காசுள்ள சபைக்கு நீண்ட வீதி என்பதுதான் இப்போதைய ஏற்பாடு.

இதற்கு மேல் இன்னொன்று. எப்போதாவது ஒரு திட்டத்தில் காசு வந்தால் அது தார்க் காபெட் போடத்தான் வரும், பராமரிக்க வராது. 2020இல் ஒரு இலட்சம் கிலோமீற்றர் வீதித் திட்டம் என்று பெரிதாகத் தொடங்கினார்கள், பிறகு பொருளாதாரம் விழுந்தது, பாதி வேலையில் விட்ட இடங்கள் நாட்டில் எத்தனையோ. ஒரு வீதியைக் காபெட் போட்டுவிட்டு அருகில் வாய்க்கால் வெட்டாமல், மதகைத் துப்பரவாக்காமல் விட்டால், ஐப்பசி கார்த்திகை மழை இரண்டு தடவை வந்து போனதும் அந்தக் காபெட்டின் அடியில் தண்ணீர் இறங்கிவிடும். தண்ணீர் இறங்கின வீதி பிறகு நிற்காது. ஆறுமாதத்துக்கு ஒருமுறை வாய்க்கால் துப்பரவாக்க ஆகும் காசு மிகச் சிறிய காசு, ஆனால் அதற்குத் திறப்பு விழா வைக்க முடியாது, பெயர்ப்பலகை நட முடியாது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. என்னைக் கேட்டால், வீதிக்கென்று வருகிற ஒவ்வொரு காசிலும் முதல் பங்கு பராமரிப்புக்கு என்று எழுதி வைக்க வேண்டும், மிச்சம் இருந்தால்தான் புது வீதி.

ஏ9 வீதி, ரயில் பாதை எல்லாம் வெளிநாடுகள் போட்டுத் தந்தவைதானே, எங்களுக்கு என்ன செலவு?

தரவில்லை, கடன் கொடுத்தார்கள். ஏ9 திருத்தியதில் சீனக் கடன் இருக்கிறது, வடக்கு ரயில் பாதை இந்தியக் கடனில் மீண்டும் போடப்பட்டது, வடக்கின் வேறு பல வீதிகளுக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் கடன் கொடுத்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்ததும், அதற்குப் பிறகு வந்த வரி உயர்வுகளும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடனைச் சவர்க்காரம் வாங்குகிறவரும் சேர்ந்துதான் கட்டுகிறார்.

என்னிடம் வாகனமே இல்லை. நான் ஏன் வீதிக்குக் கட்ட வேண்டும்?

கொஞ்சம் கட்டத்தான் வேண்டும். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததும் பூநகரி, மன்னார்ப் பக்கம் போக ஆனையிறவைச் சுற்ற வேண்டிய தேவை இல்லாமல் போனது. அந்தப் பாலத்தை ஒருநாளும் கடக்காதவரின் வீட்டுக்கும் அதனால் மீனும் நெல்லும் வந்து சேர்கிறது. அம்புலன்ஸ் வருவதும் அதே வீதியால்தான். ஆனால் "கொஞ்சம்" என்பதைக் கவனியுங்கள். இந்த நாட்டின் வரியில் பெரும்பகுதி பொருள்கள் மீது விழுகிற மறைமுக வரி. அதில் ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே வீதம். வீதிச் செலவு முழுவதையும் திறைசேரியில் போட்டால் நடந்து போகிறவர்தான் காரில் போகிறவரின் வீதிக்குக் கட்டுகிறார்.

அப்படியென்றால் பெற்றோல் வரியே போதுமே? ஓடுகிறவர் கட்டுகிறார்.

பெற்றோல் வரியில் ஒரு நியாயம் இருக்கிறது, கூட ஓடினால் கூடக் கட்டுவீர்கள். ஆனால் அதை முழுத் தீர்வு என்று சொல்ல முடியாது, நான்கு காரணம் சொல்கிறேன்.

முதலாவது, எரிபொருள் எல்லாம் வீதியில் எரிவதில்லை. மயிலிட்டியில், பருத்தித்துறையில் கடலுக்குப் போகிற படகு வீதியைத் தேய்க்கவில்லை. உரும்பிராயிலும் சுன்னாகத்திலும் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கிணற்றிலிருந்து இறைக்கிற இயந்திரம் வீதியைத் தேய்க்கவில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானபோது தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் பட்ட பாட்டை இங்கே ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். எரிபொருளில் கை வைக்கும்போது இவர்களுக்குத் தனியாக ஒரு வழி வைக்காவிட்டால் அது அநியாயம். 2022 யூலையில் வந்த கியூஆர் எரிபொருள் பங்கீட்டு முறையில் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க முடிந்ததே, அதே முறையில் படகுக்கும் இறைப்புக்கும் வரிச்சலுகை கொடுக்கவும் முடியும்.

இரண்டாவது, அந்த வரி வீதிக்குப் போவதில்லை. எரிபொருள் விலைக்குள் இருக்கிற பலவகை வரியில் லீற்றருக்கு 50 ரூபா பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பழைய கடனை அடைக்க என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. மற்றது திறைசேரிக்கு. பெற்றோல் செற்றில் காசு கொடுக்கிறவர் வீதிக்குக் கட்டுகிறோம் என்று நினைக்கிறார், அதில் எவ்வளவு வீதிக்கு வருகிறது என்று ஒரு சபைத் தலைவராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது, மின்சாரக் கார். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்த பிறகு மின்சாரக் கார்கள் யாழ்ப்பாணத்துக்கும் வந்துவிட்டன. இறக்குமதியின்போது வாங்கியவர்கள் பெரிய வரி கட்டியது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு கூரையில் சூரியப் படலம் போட்டு ஏற்றிக்கொண்டு பத்து வருடம் ஓடினாலும் எரிபொருள் வரி என்று ஒரு சதம் கட்டத் தேவையில்லை, பழைய மோட்டார் சைக்கிளில் மேசன் வேலைக்குப் போகிறவரோ ஒவ்வொரு லீற்றருக்கும் கட்டுவார். நியூசிலாந்து இதை யோசித்து 2024 ஏப்ரலிலிருந்து மின்சார வாகனங்களும் ஓடுகிற கிலோமீற்றருக்குக் கட்ட வேண்டும் என்று வைத்துவிட்டது. எங்களுக்கு இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது, ஆனால் இப்போதே வருமான அனுமதிப்பத்திரத்தில் அதற்கு ஒரு வழி வைப்பது நல்லது.

நான்காவது காரணம்தான் பெரியது. அதற்குத் தனிக் கேள்வி வேண்டும்.

வீதியை உடைப்பது யார்?

பாரம். உங்கள் மோட்டார் சைக்கிளோ ஓட்டோவோ இல்லை, காரும் பெரிதாக இல்லை.

அமெரிக்காவில் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை வீதிகளைக் கட்டி, வேறு வேறு பாரம் ஏற்றிய லொறிகளை இரவு பகலாக ஓடவிட்டுச் சோதித்தார்கள். அதில் வந்த கணக்கை இன்றைக்கும் உலகம் முழுவதும் வீதிப் பொறியியலாளர்கள் பயன்படுத்துகிறார்கள்: ஒரு அச்சில் இறங்குகிற பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு வருகிற சேதம் இரண்டு மடங்கு இல்லை, ஏறத்தாழ 16 மடங்கு. ஒரு தொன் இறங்குகிற அச்சையும் பத்துத் தொன் இறங்குகிற அச்சையும் ஒப்பிட்டால் சேதம் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு.

இப்போது ஒரு டிப்பரை எடுங்கள், மணலோ கிரவலோ கருங்கல்லோ விளிம்புக்கு மேலே குவித்து ஏற்றியது. அது ஒரு லீற்றர் டீசலுக்கு மூன்று நான்கு கிலோமீற்றர் ஓடும், மோட்டார் சைக்கிள் ஒரு லீற்றருக்கு நாற்பது ஐம்பது ஓடும். ஆகவே கிலோமீற்றருக்கு மோட்டார் சைக்கிளைவிட டிப்பர் எரிக்கும் எரிபொருள் பத்துப் பதினைந்து மடங்கு. போதாக்குறைக்கு டீசல் மீதான வரி பெற்றோலைவிடக் குறைவாகவே நெடுங்காலமாக இருந்து வருகிறது. சேதமோ ஆயிரக்கணக்கான மடங்கு. மிச்சத்தை யார் கட்டுகிறார்? ஒழுங்கைக்குள் சைக்கிளில் போகிற பிள்ளை குழியில் விழுந்து கட்டுகிறது.

டிப்பர் ஓடுகிற ஒரு உள்ளூர் வீதியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நடுவில் ஒரு நீளத்துண்டு கறுப்பாக, போட்ட அன்று இருந்த மாதிரியே இருக்கும். இரண்டு பக்கமும் சில்லு ஓடுகிற தடம் மட்டும் அமர்ந்து பள்ளமாகியிருக்கும். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் மெல்லிய வெடிப்புகள், பிறகு வலை மாதிரி வெடிப்புகள், பிறகு கரையோரத் தார் துண்டு துண்டாகப் பெயர்ந்து அடியில் உள்ள கல் தெரியும். அகலம் குறைந்த வீதியில் எதிரே பஸ் வந்தால் டிப்பர் கரைக்கு இறங்க வேண்டும், கரை முதலில் போகும். டிப்பர் போகாத அடுத்த ஒழுங்கையில் அதே வருடம் போட்ட தார் அப்படியே கிடக்கும்.

டிப்பர்காரரை நான் எதிரியாகச் சொல்லவில்லை. வீடு கட்ட மணல் வேண்டும், கல் வேண்டும். ஆனால் அந்த மணலின் விலைக்குள் வீதியின் விலையும் இருக்க வேண்டும், அப்போதுதான் பெரிய வீடு கட்டுகிறவர் தான் உடைக்க வைத்த வீதிக்குத் தானே கட்டுவார். நியூசிலாந்தில் 1978இலிருந்து கனரக வாகனங்கள் இப்படித்தான் கட்டுகின்றன, பாரம் கூடக் கூட ஒரு கிலோமீற்றருக்கான கட்டணமும் கூடும். எங்களுக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம். வருமான அனுமதிப்பத்திரக் கட்டணத்தை ஏற்றும் பாரத்தைப் பார்த்துச் செங்குத்தாக உயர்த்துவது, கூட ஏற்றினால் தண்டம் அந்த வீதிக்குச் சொந்தமான சபைக்கே போவது, மணல் ஏற்ற அனுமதி கொடுக்கும்போதே எந்த வீதியால் போவது என்று எழுதி அதற்கு ஒரு வைப்புக் காசு வாங்குவது, இந்த மூன்றும் போதும்.

இதை மாகாணமே செய்யலாமா?

சட்டப்படி வாகன அனுமதிப்பத்திரக் கட்டணம் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் மாகாணத்துக்குக் கொடுத்த விஷயம். ஆனால் வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை, ஆளுநரின் நிர்வாகம்தான். மக்கள் தெரிவு செய்த சபை இல்லாமல் புதிய நியதிச்சட்டம், அதாவது மாகாணச் சட்டம், எப்படி வரும்? மாகாண சபைத் தேர்தல் என்றால் அரசியல்வாதிகளின் கதிரை என்று கனபேர் நினைக்கிறார்கள். உங்கள் ஒழுங்கைக் குழியும் அதற்குள்தான் இருக்கிறது. இன்னொரு சிக்கல், வேறு மாகாணத்தில் பதிந்த வாகனத்தின் காசு அந்த மாகாணத்துக்கே போகும், ஓடுவது எங்கள் வீதியில் என்றாலும். இதை மாகாணங்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டும்.

பஸ்ஸும் பாரம்தானே? அதற்கும் கூடக் கட்டணம் போடுவீர்களா?

பாரம்தான், நிரம்பிய பஸ்ஸின் பின் அச்சு வீதிக்கு நல்லதில்லை. ஆனால் அந்தப் பஸ்ஸில் ஐம்பது அறுபது பேர் போகிறார்கள். அவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள் எடுத்தால் ஆஸ்பத்திரி வீதியில் என்ன நடக்கும் என்று காலை எட்டு மணிக்குப் போய் நின்று பாருங்கள். விபத்து, புகை, நிறுத்த இடம், இறக்குமதிச் செலவு எல்லாவற்றையும் கூட்டினால் பஸ் மிச்சம் பிடித்துத் தருகிறது. வழமையான சேவைப் பஸ்ஸுக்கு வீதிக் கட்டணம் வேண்டாம் என்பதே என் நிலைப்பாடு. சுற்றுலாச் சொகுசு பஸ் வேறு.

பஸ் தன் செலவைத் தானே உழைக்க வேண்டும் அல்லவா?

இந்தக் கேள்வியை ரயிலைப் பார்த்து ஒருவரும் கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள். 1990இல் நின்ற யாழ்தேவி 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது இலாபம் வருமா என்று யாரும் கேட்கவில்லை. ரயில் ரிக்கற்றின் காசு ரயில்வேயின் செலவைத் தாங்குவதில்லை, திறைசேரிதான் மிச்சத்தைக் கொடுக்கிறது. அது சரியே. ஆனால் கொழும்புக்குப் போகிறவருக்குத் திறைசேரி கைகொடுக்கும்போது, மருதங்கேணியிலிருந்து யாழ் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு வருகிற அம்மாவின் பஸ் மட்டும் அன்றைய கலெக்சனில் பிழைக்க வேண்டும் என்பது எந்த நியாயம்?

கலெக்சனில் பிழைக்கிற பஸ் எப்படி ஓடும் என்று பார்க்க, காலையில் யாழ்ப்பாணம் வருகிற ஒரு மினிபஸ்ஸில் முன் சீற்றில் இருந்து வாருங்கள். முதல் சில தரிப்பிடங்களில் பஸ் ஊர்ந்து போகும், நடத்துநர் மிதிபலகையில் தொங்கியபடி ஒவ்வொரு ஒழுங்கை வாசலையும் எட்டிப் பார்ப்பார், உள்ளே தூரத்தில் யாரோ பையோடு வருவது தெரிந்தால் பஸ் நிற்கும், வேலைக்குப் போகிறவர்கள் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். பின்னால் சிவப்பு இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் கண்ணாடியில் தெரிந்ததும் எல்லாம் மாறும். வேகம் பிடிக்கும், வெள்ளைச் சீருடையில் நாலைந்து பள்ளிப் பிள்ளைகள் கை காட்டினாலும் நிற்காது, ஏனென்றால் பிள்ளைகளை ஏற்றினால் இடம் நிரம்பும், காசு நிரம்பாது. சாரதி கெட்டவர் என்பதால் இது நடப்பதில்லை. முதலாளிக்கு ஒரு தொகை கொடுத்து, டீசல் அடித்து, மிஞ்சுவதில்தான் சாரதிக்கும் நடத்துநருக்கும் சம்பளம். அந்த ஏற்பாட்டில் யாரை இருத்தினாலும் இப்படித்தான் ஓடுவார்.

அதே காரணத்தால் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு பஸ் இல்லை. கடைசி ஓட்டத்தில் பத்துப் பேர்தான் வருவார்கள், டீசல் காசு வராது, பஸ் வீட்டுக்குப் போய்விடும். கடையில் நிற்கிற பெண் பிள்ளைகள் வேலை முடிந்து போக முன்னூறு நானூறு கொடுத்து ஓட்டோ பிடிக்கிறார்கள், அல்லது ஒரு மோட்டார் சைக்கிளை லீசிங்கில் எடுக்கிறார்கள், எடுத்த பிறகு காலையிலும் பஸ்ஸுக்கு வரமாட்டார்கள். கடைசிப் பஸ்ஸை வெட்டினால் முதல் பஸ்ஸின் ஆட்களும் போய்விடுவார்கள் என்பது இப்படித்தான்.

சரி, அதற்கு மாற்று என்ன?

பஸ்ஸுக்கு ஓடுகிற கிலோமீற்றருக்குக் காசு கொடுப்பது. பாதையையும் நேரத்தையும் போக்குவரத்து அதிகார சபை தீர்மானிக்கும், ரிக்கற் காசு முழுவதும் அதிகார சபைக்குப் போகும், பஸ்காரருக்கு ஓடிய ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் பேசிய தொகை கிடைக்கும், ஓட்டத்தைத் தவறவிட்டால் வெட்டு, நேரத்துக்கு ஓடினால் மேலதிகம். பஸ்ஸில் பத்துப் பேர் இருந்தாலும் அறுபது பேர் இருந்தாலும் சாரதியின் சம்பளம் ஒன்றுதான், ஆகவே ஓட்டப் பந்தயமும் இல்லை, ஊர்வதும் இல்லை. இலண்டனில் தனியார் கம்பனிகள் நெடுங்காலமாக இப்படித்தான் ஓடுகின்றன. சிங்கப்பூர் 2016இல் இந்த முறைக்கு மாறியது.

இது எங்களுக்குப் புதிதும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கான சிசு சரிய, கிராமங்களுக்கான கமி சரிய, இரவுக்கான நிசி சரிய என்று தேசிய போக்குவரத்து ஆணைக்குழு ஏற்கெனவே காசு கொடுத்து பஸ் ஓடவிடுகிறது. அதே எண்ணத்தைப் பெரிதாக்குவதுதான் வேலை. ஒரேயடியாக மாவட்டம் முழுவதும் வேண்டாம், 750ஆம் இலக்க பஸ் ஓடுகிற யாழ்ப்பாணம் பருத்தித்துறைப் பாதை மாதிரி ஆள் நிறைந்த ஒன்றையும், வடமராட்சி கிழக்குப் பாதை மாதிரி ஆள் குறைந்த ஒன்றையும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாகக் கொடுத்துப் பார்க்கலாம். நிறைந்ததில் வருகிற மிச்சம் குறைந்ததைத் தாங்கும். இப்போது நிறைந்த பாதைக்கு எல்லோரும் அனுமதிப்பத்திரம் கேட்கிறார்கள், குறைந்த பாதை இ.போ.ச.வின் தலையில்.

ஒரு ஆபத்து இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ரிக்கற் காசு தனக்கில்லை என்றால் நடத்துநர் காசு வாங்குவதில் அக்கறைப்பட மாட்டார், அல்லது வாங்கி ரிக்கற் கொடுக்காமல் விடுவார். ரிக்கற் இயந்திரமும் திடீர்ச் சோதனையும் இல்லாமல் இந்த முறை ஒரு வருடமும் தாங்காது.

காசு இ.போ.ச.வுக்கா, தனியாருக்கா?

இருவருக்கும், ஒரே விதியில். 1958இல் பஸ்கள் அரசுடைமையாகின, 1979இல் தனியாருக்கு மறுபடி திறந்துவிட்டார்கள், அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே பயணியைத் துரத்துகிறார்கள். யாழ்ப்பாணத்தில் இணைந்த நேர அட்டவணை என்ற பேச்சு வந்தாலே பணிப்பகிஷ்கரிப்பும் வரும். கலெக்சனுக்காக ஓடும் வரைக்கும் இணைந்த அட்டவணையில் யாருக்கும் உண்மையான விருப்பம் இருக்காது, கிலோமீற்றருக்குக் காசு வந்தால் அட்டவணையில் சண்டை பிடிக்கக் காரணம் இல்லை. இ.போ.ச. தொழிலாளர்களுக்கு ஒரு நியாயமான பயம் உண்டு, நிரந்தர வேலை போய்விடுமோ என்று. அதைப் பாதுகாத்துத்தான் தொடங்க வேண்டும்.

பஸ்ஸை இலவசமாக்கினால் என்ன?

தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்கு இலவசம், அதற்குரிய காசை மாநில அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. லக்சம்பேர்க் 2020இல் ரயிலின் முதல் வகுப்பைத் தவிர பொதுப் போக்குவரத்தை எல்லோருக்கும் இலவசமாக்கியது. நல்ல திட்டங்கள்தான், ஆனால் அங்கே முதலில் பஸ் இருந்தது. ஆறு மணிக்குப் பிறகு வராத பஸ் இலவசமாக இருந்து யாருக்கு என்ன? என் வரிசை இப்படி: முதலில் நேரத்துக்கு ஓடுவது, அடுத்தது பள்ளிப் பிள்ளைகளுக்கும் கிளினிக்குக்குப் போகிற முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எந்தப் பஸ்ஸிலும் செல்லுகிற சலுகை அட்டை, மற்றது பிறகு.

அதே நேரம் முழுச் செலவையும் பயணியிடம் போட்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். 2022 தொடக்கத்தில் 17 ரூபாவாக இருந்த குறைந்தபட்ச பஸ் கட்டணம் அந்த யூலையில் 40 ரூபாவானது. டீசல் விலையின் அடி முழுவதும் பஸ்ஸில் போகிறவரின் முதுகில்தான் விழுந்தது.

தீவுப்பகுதிக்கு என்ன வழி?

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கடலில் ஓடுகிற பாதை, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றுகிற மிதவை, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அதுதான் சரியான எண்ணம், கடலும் வீதியின் ஒரு துண்டு. தொண்டைமானாற்றுப் பாலத்தைக் கடக்க நாங்கள் காசு கட்டுவதில்லை. அப்படியிருக்க நெடுந்தீவுக்காரரும் அனலைதீவு, எழுவைதீவுக்காரரும் தனியார் படகில் கடலைக் கடக்கும்போது ஏன் தனியாகக் கட்ட வேண்டும்? படகுச் சேவையை வீதிச் செலவில் சேர்த்து, பாதுகாப்பான படகும் நிச்சயமான நேரமும் கொடுக்க வேண்டும். நயினாதீவுக்கு வருகிற யாத்திரிகரிடமும் சுற்றுலாக்காரரிடமும் கட்டணம் வாங்கலாம், ஊர் ஆட்களிடம் வேண்டாம்.

ஏ9இல் சுங்கச்சாவடி போடலாமா?

கூடாது. தெற்கு அதிவேக வீதியில் 2011இலிருந்து கட்டணம் வாங்குகிறார்கள், ஆனால் அங்கே விரும்பாதவர் பழைய காலி வீதியால் போகலாம். எங்களுக்கு ஏ9ஐ விட்டால் பூநகரி வழியாகப் போகிற ஏ32, அவ்வளவுதான்.

நகருக்குள் வருகிற காருக்குக் கட்டணம்?

சிங்கப்பூர் 1975இல் தொடங்கியது, இலண்டன் 2003இல். யாழ்ப்பாணத்துக்கு அது வேண்டாம், ஆனால் நிறுத்துவதற்குக் கட்டணம் வேண்டும். கஸ்தூரியார் வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் காலையில் நிறுத்திய கார் கடை பூட்டும் வரை அதே இடத்தில் நிற்கிறது. அந்த இடம் பொதுக் காணி. முதல் அரை மணித்தியாலம் சும்மா, பிறகு மணிக்கு மணி ஏறுகிற கட்டணம், அந்தக் காசு நகரத்து நடைபாதைக்கும் பஸ் தரிப்பிடக் கூரைக்கும் என்று அறிவித்து வாங்கினால் வியாபாரிகளும் ஏற்பார்கள், ஏனென்றால் கடைக்கு முன்னால் இடம் கிடைக்கும்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் காசு அனுப்பி வீதி போடலாமே?

போடுகிறார்கள், நல்ல மனசோடு போடுகிறார்கள், அதற்கு நன்றி. ஆனால் இதில் எனக்குத் தயக்கம் உண்டு. கனடாவிலும் சுவிசிலும் ஆள் உள்ள ஊரின் ஒழுங்கைக்குக் கொங்கிறீற் வரும், ஆள் இல்லாத ஊருக்கு வராது. பிறகு பராமரிப்பு யார் என்ற கேள்விக்குக் காசு சேர்த்த ஊர்ச் சங்கத்திடமும் பதில் இல்லை, சபையிடமும் இல்லை. அனுப்புகிற காசைச் சபையின் கணக்கில் வீதிப் பராமரிப்பு நிதியாகப் போட்டு, பாதி அந்த ஊருக்கு, பாதி சபையின் பின்தங்கிய வட்டாரங்களுக்கு என்று எழுதிக் கொடுத்தால் நியாயமாக இருக்கும். தரிப்பிடக் கூரை, தெருவிளக்கு, வாய்க்கால் மூடி போன்ற ஒருமுறைச் செலவுகளுக்கு ஊர்ச் சங்கக் காசு மிகப் பொருத்தம்.

சைக்கிளிலும் நடந்தும் போகிறவர்கள் எவ்வளவு கட்ட வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். அவர்கள் வீதியைத் தேய்ப்பதில்லை. அவர்களுக்குத்தான் வீதி கடன்பட்டிருக்கிறது: காபெட் போட்டு அகலமாக்கிய பிறகு கரையில் நடக்க இடமில்லை, சைக்கிள் ஓடுகிற பிள்ளைகள் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மண்ணில் இறங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் சபை வீதிக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று எப்படி அறிவது?

கேட்டால் கொடுக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு சபையிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். எழுத்தில் கேளுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். பொதுவாக "வீதிச் செலவு எவ்வளவு" என்று கேட்டால் ஒரு மொத்தத் தொகை வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக் கேளுங்கள்: கடந்த மூன்று வருடத்தில் சபை போட்ட ஒவ்வொரு வீதியின் பெயர், நீளம், செலவு, ஒப்பந்தத்தில் உள்ள உத்தரவாதக் காலம், அதே காலத்தில் வாய்க்காலும் மதகும் துப்பரவாக்கச் செலவழித்த தொகை, சோலைவரியில் அறவிடாமல் நிற்கிற நிலுவை. உத்தரவாதக் காலம் முடிய முன்னர் உடைந்த வீதியை ஒப்பந்தக்காரர் தன் செலவில் திருத்த வேண்டும், கனபேர் இதைக் கேட்காமலே விடுகிறார்கள். 2023 மார்ச்சில் சபைகள் கலைந்த பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர் இல்லாமல் இருந்தது, 2025 மே தேர்தலுக்குப் பிறகு உங்கள் வட்டாரத்துக்கு ஒரு உறுப்பினர் இருக்கிறார். வருட முடிவில் அடுத்த ஆண்டின் பாதீட்டு வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். மேலே உள்ள விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் உறுப்பினரிடம் போங்கள், பாதீடு நிறைவேறிய பிறகு போனால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும்.